பெயரைத் தேடும் நேரம்

உலாவியில் ஓர் இணைய முகவரியைத் தட்டச்சுச் செய்கிறோம். திரை வெறுமையாகவே நிற்கிறது. சில நொடிகள் கழித்துப் பக்கம் முழுவதும் ஒரே வீச்சில் தோன்றிவிடுகிறது. இதைக் கண்டு, இணைய வேகம் போதவில்லை என்று எண்ணிக் கூடுதல் கட்டணம் செலுத்துவோர் பலர். அதன் பின்னும் தாமதம் குறைவதில்லை. வேகம் குறைந்த இணைப்பில் படங்கள் சிறிது சிறிதாக வந்து நிரம்பும். வெறுந்திரைக்குப் பின் அனைத்தும் விரைந்து வந்தால், பெயரைத் தேடுவதிலேயே நேரம் கழிந்தது என ஐயுறலாம்.

கணினிகள் ஒன்றையொன்று எண்களாலேயே அறிகின்றன. பெயர்கள் மனிதரின் வசதிக்காக ஏற்பட்டவை. தொடக்கத்தில் எல்லாப் பெயர்களும் அவற்றுக்குரிய எண்களும் ஒரே கோப்பில் இருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனம் அதனைப் பேணி வந்தது. கணினிகள் பெருகவே அக்கோப்பு போதாதாயிற்று. 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர் களப்பெயர் முறைமையை வகுத்தார். டி.என்.எஸ். எனப்படுவது இதுவே.

'சிபிஎஸ்இ டாட் ஜிஓவி டாட் இன்' என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். நம் கணினி இதனைத் தனக்குரிய டி.என்.எஸ். சேவையகத்திடம் கேட்கும். அச்சேவையகம் பெயரை இறுதியிலிருந்து படிக்கும். முதலில் வேர்ச் சேவையகத்தையும், பின்னர் 'இன்' என்பதற்குரிய சேவையகத்தையும் வினவி, படிப்படியாக எண்ணைக் கண்டறியும். கிடைத்த விடை சிறிது காலம் நினைவில் வைக்கப்படும். ஆகவே, முன்பே திறந்த பக்கத்தைக் கொண்டு சோதித்தால் உண்மை விளங்காது. அன்று திறக்காத தளம் ஒன்றையே சோதனைக்குக் கொள்ள வேண்டும்.

கணினியில் பொதுவாக இரண்டு டி.என்.எஸ். சேவையகங்களின் எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். முதலாவது செயலிழந்தால், கணினி அதன் விடைக்காகக் காத்திருந்த பிறகே இரண்டாவதை நாடும். லினக்ஸ் கணினிகளில் இக்காத்திருப்பு வழக்கமாக 5 நொடிகள். தாமதம் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவாக இருப்பின் இக்காரணத்தையே முதலில் ஐயுறுக. மற்றொரு காரணமும் உண்டு. இன்றைய கணினிகள் ஒரு பெயருக்குப் பழைய வகை எண், புதிய வகை எண் என இரண்டையும் கேட்கின்றன. பழைய ரவுட்டர்கள் சில, இரண்டாம் கேள்விக்கு மறுமொழியே தருவதில்லை. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் அக்கேள்வியை நிறுத்த அமைப்பு உண்டு. ஆனால் அதனால் அவ்வுலாவி மட்டுமே பயன்பெறும். ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பிப்பதே முறையானது.

குறை எங்குள்ளது என அறிவது எளிது. ஓர் உலாவியில் மட்டும் தாமதமெனில் அதன் அமைப்புகளைப் பார்க்க வேண்டும். ஒரு கணினியில் மட்டுமெனில் அக்கணினியைப் பார்க்க வேண்டும். அதே வைஃபையில் உள்ள கைப்பேசியும் தாமதித்தால் ரவுட்டரையோ இணைய நிறுவனத்தையோ ஆராய வேண்டும்.

2009 முதல் கூகுள் நிறுவனம் 8.8.8.8 என்னும் எண்ணிலும், 2018 முதல் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 1.1.1.1 என்னும் எண்ணிலும் பொதுச் சேவையை வழங்குகின்றன. இவற்றுக்கு மாறினால் தாமதம் நீங்கக்கூடும். ஆயினும் நாம் தேடும் பெயர்கள் யாவும் சேவை தருபவருக்குத் தெரியவரும். பள்ளிகளில் தகாத தளங்களைத் தடுக்கும் ஏற்பாடும் பெரும்பாலும் டி.என்.எஸ். வழியே அமைவதால், ஆசிரியரின் இசைவின்றி இவ்வெண்களை மாற்றலாகாது.

பயிற்சி

1. பிரித்து எழுதுக: அக்கோப்பு, அவ்வுலாவி, வெறுந்திரை.
2. களப்பெயர் முறைமை தோன்றியதன் காரணம் யாது?
3. கணினி ஆய்வகத்தில் எல்லாக் கணினிகளிலும் ஒவ்வொரு புதிய தளமும் 5 நொடி தாமதித்தே திறக்கிறது. காரணத்தை ஊகித்து, ஆய்வகப் பொறுப்பாசிரியருக்குக் கடிதம் எழுதுக.