கடைப் பையனின் போனிலிருந்து ஆரம்பியுங்கள்

திருவள்ளூர் வட்டாரத்தில் ஒரு கடைக்காரர் ஆப் கேட்டு வந்தால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: “தம்பி, அமேசான் மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுங்க. நம்ம லோகோ மட்டும் நல்லா பெருசா வரணும்.” லோகோவைப் பெரிதாக்குவதில் ஒரு சிரமமும் இல்லை. அதற்கு முன் நான் கேட்பது, “ஆர்டர் வந்தா யாருண்ணே எடுத்துக் கட்டுவாங்க?” என்பதைத்தான். முதலாளி யோசித்தபடி பின்பக்கம் திரும்பிப் பார்ப்பார். அங்கே மூட்டை பிரித்துக்கொண்டிருக்கும் பையனிடம்தான் என் அடுத்த பேச்சு.

திருப்பாச்சூரில் இருந்துகொண்டு மளிகை, ஜவுளி, ஹார்டுவேர் கடைகளுக்கு ஷாப்பிங் ஆப் செய்து கொடுப்பது என் தொழில். இதற்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது: சரக்கு எடுப்பவர் பார்க்கும் திரையை முதலில் செய்யுங்கள், வாடிக்கையாளர் பார்க்கும் திரை பிறகு வரட்டும். கூடை, முகவரி, பணம் கட்டும் பக்கம் எல்லாம் இன்று அரைகுறையாகவாவது ரெடிமேடாகக் கிடைக்கின்றன. கடைக்குள் நடப்பது அப்படிக் கிடைக்காது. கடைக்குக் கடை மாறும்.

ஒரு மளிகை ஆர்டரைப் பாருங்கள். உளுந்து, ஷாம்பு, வெங்காயம், முட்டை, மறுபடி துவரம் பருப்பு என்று வீட்டம்மாவுக்கு ஞாபகம் வந்த வரிசையில் இருக்கும். அதே வரிசையில் எடுத்தால் பையன் கடை முழுக்க நடந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். அதனால் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு அடுக்கு எண் கொடுத்து, பட்டியலை அடுக்கு வரிசைக்கு மாற்றிக் காட்ட வேண்டும். நிறுக்க வேண்டியவை ஒன்றாக, ஒரே நேரத்தில் தராசுக்குப் போக வேண்டும். முட்டை கடைசியில். பையனின் விரலில் மாவு இருக்கும், எண்ணெய் இருக்கும். சின்னச் சின்னக் கட்டங்களைத் தொட்டுக்கொண்டிருக்க முடியாது. ஒரு சரக்குக்கு இரண்டே பட்டன், பெரிதாக: ‘எடுத்தாச்சு’, ‘இல்லை’.

அந்த ‘இல்லை’யில்தான் ஆப்பின் பிழைப்பு இருக்கிறது. அதை அழுத்திய கணமே அந்தச் சரக்கு மற்றவர்கள் பார்க்கும் ஆப்பிலிருந்து மறைய வேண்டும். அதற்குப் பதில் எதை வைக்கலாம் என்பதும் பையனுக்குத் தெரிய வேண்டும். இந்தக் கேள்வியை ஆர்டர் போடும்போதே வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்: வேறு பிராண்டு வைக்கலாமா, விட்டுவிடலாமா, போன் செய்யட்டுமா? சரக்கு கட்டும் நேரத்தில் போன் போட்டால் எடுக்க மாட்டார்கள். காக்களூர் சிட்கோவில் ஷிப்டில் இருப்பவர் எப்படி எடுப்பார்?

சில கடைகளில் பையனுக்குப் போன் வேண்டாம், சீட்டுதான் வேண்டும் என்பார்கள். நியாயம்தான். ஆனால் பில் அடிக்கும் தெர்மல் பிரிண்டர்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்து உள்ளே இருக்காது. நேராக அனுப்பினால் கேள்விக்குறியாக அடித்துத் தள்ளும். தமிழ்ச் சீட்டைப் படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். கொஞ்சம் மெதுவாக அடிக்கும், பரவாயில்லை.

அடுத்தது ஸ்டாக். பில்லிங் சாஃப்ட்வேர் ஆறு பாக்கெட் இருக்கிறது என்று சொல்லும், அடுக்கில் இரண்டு இருக்கும். உடைந்தது, எலி கடித்தது, முதலாளி வீட்டுக்குப் போனது எதுவும் கணக்கில் ஏறியிருக்காது. இந்த எண்ணை வாடிக்கையாளருக்குக் காட்டவே காட்டாதீர்கள். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் ஆப்பில் ‘இல்லை’ என்று வைத்துவிட்டு, மிச்சத்தைக் கடைக்கு நேரில் வருகிறவருக்கு விடுங்கள். விலையிலும் இதே சிக்கல் உண்டு. 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி மாறி சோப்பு, ஷாம்பு, பற்பசை எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5-க்கு வந்தபோது, ஒரே அடுக்கில் பழைய எம்ஆர்பி அச்சடித்த பாக்கெட்டும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரு சரக்குக்கு ஒரே விலைதான் என்று டேட்டாபேஸைக் கட்டியவர்கள் அந்த வாரம் தூங்கியிருக்க மாட்டார்கள். விலையைச் சரக்கின் பெயரோடு முடிச்சுப் போடாமல், வந்து இறங்கிய ஒவ்வொரு லாட்டோடும் வையுங்கள்.

நிறுத்துக் கொடுக்கும் சரக்கில் பணத்தை முன்கூட்டியே வாங்குவது எனக்குப் பிடிக்காது. ஒரு கிலோ பூசணி என்று கேட்டால் வெட்டும்போது 900 கிராம் வரும், 1,100-ம் வரும். நிறுத்த பிறகு தொகையைத் திருத்தி, வீட்டு வாசலில் க்யூஆர் காட்டி வாங்குவதே சண்டை இல்லாத வழி. பாக்கெட் சரக்குக்கு முன்பணம் ஓகே. அங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: வாடிக்கையாளரின் போன் ‘பணம் போய்விட்டது’ என்று காட்டுவதை நம்பி ஆர்டரை உறுதி செய்யக் கூடாது, பேமென்ட் நிறுவனத்தின் சர்வரிலிருந்து உங்கள் சர்வருக்கு வரும் தகவலையே நம்ப வேண்டும். நடுவில் தொங்கும் யுபிஐ பணத்துக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஒரு கணக்கு வகுத்தது. வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்து கடைக்கு உறுதி வராவிட்டால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதை ஆப்பிலேயே நாலு வரித் தமிழில் எழுதி வைத்தால், கடை போனுக்கு வரும் கோபம் பாதி குறையும்.

தேடல் பெட்டி நம் பகுதியில் தனி வித்தை. உளுந்தை ஆங்கில எழுத்தில் ஆளுக்கு ஒரு விதமாக அடிப்பார்கள். 1960-இல் ஆந்திராவிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த திருத்தணிப் பக்கத்தில் தெலுங்கு பேசும் வீடுகள் அதிகம். அங்கே துவரம் பருப்புக்குக் ‘கந்திப்பப்பு’ என்று தேடுவார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் வடமாநிலத்துப் பிள்ளைகள் அதையே ‘அர்ஹர் தால்’ என்பார்கள். தமிழில் அடித்தாலும் நிம்மதி இல்லை: ‘கொண்டைக்கடலை’யின் முதல் எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம், கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், தேடினால் ஒன்று மட்டும் சிக்கும். இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே தேட விடுங்கள்.

இதைவிட முக்கியம், தேடியும் ஒன்றும் கிடைக்காத சொற்களைச் சேமித்து வாரம் ஒருமுறை முதலாளியிடம் படித்துக் காட்டுவது. கும்மிடிப்பூண்டியில் ஒரு கடையில் அந்தப் பட்டியலில் கடுகு எண்ணெய் திரும்பத் திரும்ப வந்தது. “இதை எவன் வாங்குவான்?” என்றவர் ஒரு பெட்டி இறக்கிப் பார்த்தார். இப்போது அதற்குத் தனி அடுக்கே இருக்கிறது.

டெலிவரி பற்றிச் சுருக்கமாக. கதவு எண் கேட்பதோடு நிற்காமல், மேப்பில் புள்ளி வைக்கச் சொல்லி, பக்கத்து அடையாளத்தையும் வாங்குங்கள். அமாவாசையன்று வீரராகவப் பெருமாள் கோயில் கூட்டத்தில் திருவள்ளூருக்குள் வண்டி நகராது. அன்றைய நேரங்களைக் கடைக்காரரே மூடிக்கொள்ள ஒரு சுவிட்ச் வையுங்கள். பார்சலுக்கு, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதை நினைவில் கொள்ளுங்கள். துணிப்பைக்கான காசைப் பில்லில் சத்தமில்லாமல் சேர்த்துவிடவும் கூடாது. கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பதை 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் ஏமாற்று வேலைகளின் பட்டியலில் வைத்திருக்கின்றன.

எல்லாக் கடைக்கும் ஆப் வேண்டுமா என்றால், வேண்டாம். மிந்த்ராவே 2015 மே மாதம் இணையதளத்தை மூடிவிட்டு ஆப் மட்டும் போதும் என்று போய், 2016 ஜூனில் தளத்தைத் திரும்பத் திறந்தது. அவ்வளவு பெரிய கடைக்கே அந்தக் கதி என்றால், மாதம் ஒருமுறை மளிகை வாங்குகிறவர் 32 ஜிபி போனில் கல்யாண வீடியோவை அழித்துவிட்டு நம் கடை ஆப்பை இறக்குவார் என்று எதிர்பார்க்க முடியாது. சின்னக் கடைக்கு மொபைலில் நன்றாகத் திறக்கும் ஒரு தளமும் வாட்ஸ்அப்பும் போதும். வாரத்துக்கு இரண்டு தடவையாவது வாங்குகிற வாடிக்கை இருந்தால் ஆப் போடலாம். எதுவானாலும் சரக்குப் பட்டியலை ஒழுங்காகக் கட்டிவிடுங்கள். 2022 ஏப்ரலில் கோவை உட்பட ஐந்து நகரங்களில் சோதனையாகத் தொடங்கிய ஓஎன்டிசி போன்ற, பல கடைகளையும் பல ஆப்களையும் இணைக்கும் வலைப்பின்னலில் நாளை சேர வேண்டுமென்றால் அந்தப் பட்டியல்தான் கைகொடுக்கும்.

பிளே ஸ்டோர் கணக்கைக் கடைக்காரர் பெயரிலேயே தொடங்குங்கள். 25 டாலர், ஒருமுறைதான். ஆப்பிளுக்கு வருடா வருடம் 99 டாலர். உங்கள் பெயரில் வைத்திருந்தால், நாளைக்கு மனஸ்தாபம் வந்தால் அவருடைய வாடிக்கையாளர்கள் உங்கள் கையில் மாட்டிக்கொள்வார்கள். அது இரண்டு பேருக்கும் நல்லதல்ல. பிளே ஸ்டோரில் தனிநபர் கணக்கைப் புதிதாகத் தொடங்கினால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகே ஆப்பை வெளியிட விடுவார்கள். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் வந்து கேட்கும் முதலாளியிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கூகுள் வருடாவருடம் ஆண்ட்ராய்டின் புதிய பதிப்புக்கு ஏற்ப ஆப்பை மாற்றச் சொல்லும். அந்த வேலைக்கான வருடாந்திரத் தொகையையும் முதல் கொட்டேஷனிலேயே தனி வரியாக எழுதிவிடுங்கள், ஆப் ஓட ஆரம்பித்த பிறகு கேட்டால், “அதான் அன்னைக்கே காசு குடுத்தேனே?” என்பார்கள்.