முடங்கும் விரல்களுக்கு மென்மையான பயிற்சி

கிராமங்களுக்குச் செல்லும்போது நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு: "விடியக் கை மடக்க ஏலாது, தேங்காய்ப்பால் பிழியவும் ஏலாது." ஓலை பின்னும் தாய்மாரும் வலை முடியும் முதியோரும் இதையே சொல்கின்றனர். வயதுக்கு வந்த வருத்தம் என்று கையை அசையாமல் வைத்திருப்போரும் உளர். இது தவறு. அசையாத மூட்டு மேலும் இறுகும். வேலையற்ற தசை மெலியும். ஈற்றில் சட்டைப் பொத்தானைப் பூட்டவும் பிறரை நாட வேண்டிவரும்.

கைகளைப் பற்றும் மூட்டுவாதங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்றில், எலும்பு முனைகளை மூடியுள்ள கசியிழையம் தேய்கின்றது. மற்றது முடக்குவாதம், இதில் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகின்றது. இரு கை மூட்டுக்களும் வீங்கி, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் தாமதியாது வைத்தியரிடம் செல்லுங்கள். பயிற்சி மருந்துக்கு ஈடாகாது; ஆனால் மருந்துக்குத் துணையாகும். முடக்குவாத நோயாளர் 490 பேரைக் கொண்டு பிரித்தானியாவில் நடத்தப்பட்டு 2015 இல் வெளியான ஆய்வில், கைப்பயிற்சியும் செய்தவர்கள் ஓராண்டின் பின்னர் மற்றவர்களைவிடக் கைகளை நன்கு பயன்படுத்தினர்.

செய்யும் முறை:

முதலில் கைகளை இளஞ்சூட்டு நீரில் 5 நிமிடம் வைத்திருங்கள். பின்னர் ஒவ்வொன்றையும் மெதுவாக 5 தடவை செய்யுங்கள். பழகியபின் 10 ஆக்கலாம்.

1. விரல்களை நீட்டி, இறுக்காமல் பொத்திப் பிடித்து, மீண்டும் விரியுங்கள்.
2. பெருவிரல் நுனியால் மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொடுங்கள்.
3. உள்ளங்கையை மேசையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக உயர்த்துங்கள்.
4. முன்கையை மேசையில் தாங்கி, கையை விளிம்புக்கு வெளியே விட்டு, மணிக்கட்டை மேலும் கீழும் அசையுங்கள்.

மூட்டு சிவந்து சூடாக வீங்கியிருக்கும் நாளில் ஓய்வு கொடுத்து, நோகாத அளவுக்கு மட்டும் அசையுங்கள். பயிற்சியால் வந்த நோவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால், அடுத்த நாள் பாதியாகக் குறையுங்கள். மற்றவர் விரலைப் பிடித்து இழுத்து நிமிர்த்த இடமளிக்க வேண்டாம்.

வேலையையும் சற்று மாற்றுவோம். கத்திப் பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கலாம். உடுப்பை முறுக்கிப் பிழியாமல், நீர் வடியக் கொடியில் போடலாம். பாரமான பானையை இரு உள்ளங்கைகளாலும் தாங்கித் தூக்கலாம்.

மாதர் சங்கக் கூட்டங்களில் பத்து நிமிடம் ஒதுக்கி இவற்றை ஒன்றாகச் செய்து பாருங்கள். தனியே தொடங்குவோர் சில நாளில் விட்டுவிடுவர். கூடிச் செய்வோர் தொடர்வர். இத்தனை காலம் எம்மை ஊட்டி வளர்த்த கைகள், தம் சோற்றைத் தாமே பிசைந்து உண்ண நாம் துணைநிற்போம்.