மின்காரில் பிழைப்பா? சென் கணக்கைச் சுவர் மீட்டரில் எடுங்கள்

கிள்ளானில் வீடு, கோலாலம்பூரில் வேலை. அல்லது பிரிக்பீல்ட்ஸில் தொடங்கி நாள் முழுக்க ஆள் ஏற்றி இறக்கும் இ-ஹெய்லிங் தொழில். காரை நம்பிச் சம்பாதிப்பவர் மின்காருக்கு மாறினால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே: ஒரு கிலோமீட்டர் ஓட எத்தனை சென் ஆகிறது?

கார்த் திரையை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. பேட்டரியிலிருந்து எவ்வளவு போனது என்பதைத்தான் திரை காட்டுகிறது. நீங்கள் காசு கட்டுவதோ மீட்டர் வழியாக வந்த மின்சாரம் முழுவதற்கும். இரண்டுக்கும் இடையில் துண்டு விழும்.

பி.ஒய்.டி. அட்டோ 3 காரையே எடுத்துக்கொள்வோம். 60.48 யூனிட் (கிலோவாட் மணி) பேட்டரி, ஐரோப்பிய டபிள்யூ.எல்.டி.பி. சோதனையில் 420 கிலோமீட்டர் ஓடியது. வகுத்தால் 100 கிலோமீட்டருக்கு 14.4 யூனிட் வருகிறது. ஆனால் அதே சோதனை தரும் அதிகாரபூர்வச் செலவு 15.6 யூனிட். அந்த எண்ணில் சார்ஜ் இழப்பும் சேர்ந்திருப்பதே காரணம்.

எங்கே போகிறது மின்சாரம்?

சுவரிலிருந்து வரும் ஏ.சி. மின்சாரத்தைக் காருக்குள் இருக்கும் சார்ஜர் டி.சி.யாக மாற்றுகிறது. அதில் ஒரு பங்கு வெப்பமாகிப் போகும். சார்ஜ் ஏறும் நேரம் முழுக்கக் காரின் கணினியும் குளிர்விக்கும் பம்பும் விழித்திருக்கும். அவற்றுக்கு 300 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண பிளக்கில் 10 ஆம்பியரில் ஏற்றினால் வருவது 2,300 வாட். அதில் 13 விழுக்காடு இவற்றுக்கே சரி. சுவரில் பொருத்தும் 7,000 வாட் சார்ஜரில் (வால்பாக்ஸ்) அதே 300 வாட் 4 விழுக்காடுதான். ஜெர்மனியின் ஏ.டி.ஏ.சி. வாகன ஓட்டிகள் சங்கம் அளந்தபோது, ரெனோ ஸோயி கார் வீட்டு பிளக்கில் ஏறக்குறைய 24 விழுக்காடு இழந்தது. வால்பாக்ஸில் 10 விழுக்காட்டுக்குள் அடங்கியது. தினமும் ஓட்டுபவருக்கு வால்பாக்ஸ் ஆடம்பரம் அல்ல.

நம் ஊருக்கே உரிய செலவும் உண்டு. கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் கார் நகராவிட்டாலும் ஏர்கான் நிற்பதில்லை. 1 கிலோவாட் இழுத்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு யூனிட் போய்விடும். அது ஆறேழு கிலோமீட்டர் ஓடப் போதுமான மின்சாரம். விரைவுச்சாலையில் 90இலிருந்து 110க்கு ஏறினால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும்.

எப்படி அளப்பது?

1. மாதத் தொடக்கத்தில் 80 விழுக்காடு வரை சார்ஜ் ஏற்றி, ஓடோமீட்டர் எண்ணைக் குறியுங்கள். மாத முடிவிலும் அதே 80க்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

2. இடையில் ஏற்றிய ஒவ்வொரு யூனிட்டையும் எழுதுங்கள். வீட்டில் ஏற்றியதை வால்பாக்ஸ் செயலி காட்டும். செயலி இல்லையென்றால், எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனைக் கொண்டு சார்ஜர் இணைப்புக்குத் தனி மீட்டர் போடுங்கள். வெளியில் ஏற்றியதற்கு ரசீது போதும்.

3. வீட்டு யூனிட்டையும் வெளி யூனிட்டையும் தனித்தனிப் பத்தியில் வையுங்கள். விலை வேறு, இழப்பும் வேறு. டி.சி. நிலையத்தில் மின்சாரத்தை மாற்றும் வேலை நிலையத்திலேயே முடிந்துவிடுகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு: வீட்டிலேயே சார்ஜ் ஏற்றி ஓடியது 1,000 கிலோமீட்டர். திரை 100 கிலோமீட்டருக்கு 14.5 என்கிறது, அதாவது மொத்தம் 145 யூனிட். மீட்டரில் 168. துண்டு 23 யூனிட், ஏறக்குறைய 14 விழுக்காடு. இது முழுவதும் சார்ஜர் இழப்பு அல்ல. நிறுத்திய காரில் ஓடிய ஏர்கானும் கண்காணிப்புக் கேமராவும் இதில் இருக்கலாம். துண்டு திடீரென்று கூடினால் முதலில் அவற்றைப் பாருங்கள்.

சென்னாக மாற்றுங்கள்

2025 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள தெனாகா நேஷனல் கட்டணப்படி, மாதம் 1,500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு மின்சாரம், திறன், கட்டமைப்பு மூன்றும் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 சென், வரியும் மாதாந்தரச் சரிக்கட்டலும் தனி. 100 கிலோமீட்டருக்கு 16.8 யூனிட் என்றால் ஏறக்குறைய 7.50 ரிங்கிட். மொத்தப் பயன்பாடு 600 யூனிட்டைத் தாண்டினால் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும், தாண்டிய பகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரியும் சேரும். நேரவாரிக் கட்டணத்துக்கு விண்ணப்பித்தவர்கள் வார நாட்களில் இரவு 10 மணிக்கு மேல் ஏற்றுங்கள். பிற்பகல் 2 முதல் இரவு 10 வரைதான் விலை கூடிய நேரம். வார இறுதியில் அந்தக் கவலை இல்லை.

இப்போது பெட்ரோலோடு ஒப்பிடுங்கள். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய புடி95 பெட்ரோல் மானியத் திட்டத்தில் லிட்டர் 1.99 ரிங்கிட். 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் காருக்கு ஏறக்குறைய 14 ரிங்கிட். வீட்டில் ஏற்றும் மின்கார் ஓட்டுநர் அதில் ஏறக்குறைய பாதியை மிச்சம் பிடிக்கிறார். டி.சி. நிலையத்தில் யூனிட் 1.40 ரிங்கிட் என்றும், இழப்பு குறைவதால் 100 கிலோமீட்டருக்கு 15.5 யூனிட் என்றும் கொண்டால், 21.70 ரிங்கிட். பாதி ஓட்டத்துக்கு வீட்டிலும் பாதிக்கு டி.சி.யிலும் ஏற்றினால் சராசரி 14.60. எரிபொருள் மிச்சம் மொத்தமும் கரைந்துவிட்டது! கொண்டோவில் சார்ஜர் போட நிர்வாகக் குழு ஒப்புதல் கிடைக்காத ஓட்டுநர், மின்காரை வாடகைக்கு எடுக்குமுன் இந்தக் கணக்கைக் கட்டாயம் போட வேண்டும்.

அலுவலகத்தில் கேளுங்கள்

நிறுவனத்தின் மின்காரை வீட்டில் சார்ஜ் செய்கிறீர்களா? திரை எண்ணுக்கு அல்ல, மீட்டர் எண்ணுக்குப் பணம் கேளுங்கள். தேதி, ஓடோமீட்டர், யூனிட், விலை என நான்கு பத்தி அட்டவணையோடு மின்கட்டண ரசீதையும் இணைத்துக் கொடுங்கள், மறுப்பது கடினம். சொந்தத் தொழில் செய்பவர்கள் இந்தப் பதிவுகளை வருமான வரிக்காக 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சார்ஜர் செலவுக்கு 2027 மதிப்பீட்டு ஆண்டு வரை 2,500 ரிங்கிட் வரை தனிநபர் வரிக்கழிவு உண்டு. தொழிலுக்குப் பயன்படுத்தும் சார்ஜருக்கு அது பொருந்தாது.

மாதம் 4,000 கிலோமீட்டர் ஓடுபவருக்குத் திரைக்கும் மீட்டருக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் 40 ரிங்கிட்டைத் தாண்டும். உழைத்துச் சேர்க்கும் காசு அது. இந்த மாதத்திலிருந்தே எழுதத் தொடங்குங்கள்.