இமை சரிந்தால் காலம் தாழ்த்த வேண்டாம்



தலைவலியோடு ஒரு கண்ணின் இமை திடீரென்று சரிந்தால், பலரும் அதைக் கண் நோய் என்றெண்ணி மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போகிறார்கள். சிலருக்கு நோய் கண்ணில் இல்லை. மூளையின் இரத்தக்குழாயில் இருக்கிறது. இதைக் குறித்து இம்மாதம் சற்றுப் படிப்போம்.

கண்ணை அசைக்கும் தசைகளை மூளையிலிருந்து வரும் 3, 4, 6ஆம் நரம்புகள் இயக்குகின்றன. 3ஆம் நரம்பு இமையை உயர்த்துகிறது, கண்பாவையையும் சுருக்குகிறது. அதன் அருகிலுள்ள இரத்தக்குழாய் பலவீனப்பட்டு மொட்டுப்போல் வீங்கினால், அந்த நரம்பை அழுத்தும். அப்போது இமை சரியும், பாவை விரியும், கண் வெளிப்பக்கம் திரும்பும், இமையைத் தூக்கிப் பார்த்தால் எல்லாம் இரண்டாய்த் தெரியும். வீக்கம் வெடித்தால் மூளையைச் சுற்றி இரத்தம் பரவும். வாழ்நாளில் கண்டிராத தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம் உண்டாகும். தலைக்குள் அழுத்தம் கூடுவதால் 6ஆம் நரம்பு தளர்ந்து, கண் மூக்குப் பக்கம் சாய்வதும் உண்டு. வெடித்தது மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம்.

1937ல் அமெரிக்காவின் பால்டிமோரில் டாக்டர் வால்டர் டான்டி, இமை சரிந்து வந்த 43 வயது நோயாளியின் இரத்தக்குழாய் வீக்கத்துக்கு வெள்ளிக் கிளிப் பூட்டினார். இவ்வகை ஆபரேஷனில் அதுவே முதலாவது. நம் நாட்டில் 1949ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி மூளை அறுவை சிகிச்சைக்கு முதல் துறையைத் தொடங்கினார். இன்று மண்டையைத் திறக்காமலே, தொடை இரத்தக்குழாய் வழியாய் மெல்லிய கம்பிச்சுருளைச் செலுத்தி வீக்கத்தை அடைக்கவும் முடிகிறது.

உயிர் பிழைத்தாலும் கண் உடனே நேராவதில்லை. நரம்பு தேற மாதங்கள் ஆகும். அதுவரை இரட்டைப் பார்வைக்கு ஒரு கண்ணை மூடிவைக்கிறோம். சிலருக்குப் பிரிசம் கண்ணாடி உதவும். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் பொறுத்தும் நேராகாவிட்டால், கண் தசையில் ஆபரேஷன் செய்யலாம். "கண் போய்விட்டது" என்று கலங்கும் வீட்டாருக்கு, தளர்ந்தது கண்ணை அசைக்கும் நரம்பே என்று பொறுமையாய்ச் சொல்லுகிறோம்.

திமிர்வாதக்காரனைச் சுமந்து, கூரையைப் பிரித்து, ஆண்டவர் முன்பாக இறக்கின நால்வரை வேதத்தில் வாசிக்கிறோம். அவர்கள் நாளைக்கு என்று காத்திருக்கவில்லை. உங்கள் காணிக்கை ஏழை நோயாளியின் ஸ்கேன் செலவைத் தாங்குகிறது. அதோடு, இந்த அடையாளங்களை உங்கள் சபையிலும் சொல்லிவையுங்கள். ஒருவரை நேரத்தோடு சுமந்துவர அது போதும். எங்களுக்காகவும் எங்கள் நோயாளிகளுக்காகவும் ஜெபியுங்கள்.