ஏழு லட்சம் பேரில் ஏற்காடு எங்கே? மிக்ஸ்டு மாடல் பொருத்த ஒரு முழுமையான வழிகாட்டி

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே போகப் போக ஆக்சிஜன் குறைவதால், மலையில் வாழ்பவர்களின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் சற்றுக் கூடுதலாக இருக்கும். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு, 15 முதல் 49 வயது வரையிலான 7,24,115 பெண்களைப் பேட்டி கண்டது. தமிழ்நாட்டில் இந்த வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்றது அதன் அறிக்கை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைப் பெண்களின் நிலை என்ன? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே பெருந்தரவில் மிக்ஸ்டு மாடல் பொருத்தும் வழியைப் பார்ப்போம். ஆர் மொழியில் சாதாரண ரெக்ரஷன் ஓட்டத் தெரிந்திருந்தால் போதும்.

படி 1: அடுக்குகளை எழுதுங்கள்

பெண், அவர் வாழும் கிளஸ்டர் (கிராமமோ நகரப் பகுதியோ), மாவட்டம், மாநிலம் என நான்கு அடுக்குகள். ஒரே கிளஸ்டரில் இருப்பவர்கள் ஒரே மாதிரி உண்டு, ஒரே தண்ணீரைக் குடிப்பவர்கள். அவர்களைத் தனித்தனி ஆட்களாகக் கருதிச் சாதாரண ரெக்ரஷன் ஓட்டினால், இல்லாத துல்லியம் இருப்பதாகக் காட்டும். அதைத் தவிர்க்கத்தான் கிளஸ்டர், மாவட்டம், மாநிலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தற்செயல் விளைவு வைக்கிறோம். வயது, கர்ப்பம், கல்வி, வசதி ஆகியவை நிலையான விளைவுகள். இரண்டு வகையும் கலந்திருப்பதால்தான் இது மிக்ஸ்டு மாடல். கிளஸ்டர் எண் இரண்டு இடங்களில் திரும்ப வருகிறதா என்று பார்த்து, வந்தால் மாநில எண்ணோடு சேர்த்துத் தனி எண்ணாக்குங்கள்.

படி 2: ஆம்-இல்லையை விட்டு அளவை எடுங்கள்

ரத்தசோகை உண்டா இல்லையா என்பதைக் கணிக்கப்படும் மாறியாக வைத்தால் லாஜிஸ்டிக் மிக்ஸ்டு மாடல் வேண்டும்; லட்சக்கணக்கான வரிகளில் அது மணிக்கணக்கில் ஓடும். ஹீமோகுளோபின் அளவையே அந்த மாறியாக வைத்தால் லீனியர் மாடல் போதும். வேகம் ஒருபுறம் இருக்க, டெசிலிட்டருக்கு 11.9 கிராம் உள்ளவரையும் 8 கிராம் உள்ளவரையும் ஒரே பெட்டியில் போடும் இழப்பும் இல்லை.

படி 3: நினைவகத்தைக் காப்பாற்றுங்கள்

பாடப்புத்தகச் சூத்திரத்தை அப்படியே எழுதினால் ஒவ்வொரு பெண்ணுக்கும் மற்ற ஒவ்வொருவருக்கும் உள்ள தொடர்பை ஒரு மேட்ரிக்ஸில் வைக்க வேண்டும். 7,24,115 வரிசை, அதே அளவு நெடுவரிசை: கிட்டத்தட்ட 4.2 டெராபைட். எந்த மடிக்கணினியும் தாங்காது.

இதற்கு வழி கண்டவர் சார்லஸ் ஹெண்டர்சன். கறவை மாட்டு இனப்பெருக்கத்துக்காக அவர் எழுதிய சமன்பாடுகளில் மேட்ரிக்ஸின் அளவைத் தீர்மானிப்பது ஆட்களின் எண்ணிக்கை அல்ல, விளைவுகளின் எண்ணிக்கை. இங்கே 30,000க்குச் சற்று மேற்பட்ட கிளஸ்டர்கள், 707 மாவட்டங்கள், 36 மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும். அந்த மேட்ரிக்ஸிலும் பெரும்பகுதி சுழியம். சுழியங்களைச் சேமிக்கத் தேவையில்லை. டக்ளஸ் பேட்ஸும் குழுவினரும் ஆர் மொழிக்கு உருவாக்கிய எல்எம்இ4 தொகுப்பு இப்படித்தான் கணக்கிடுகிறது. அதுவும் மெதுவாக ஓடினால், பேட்ஸ் ஜூலியா மொழியில் எழுதிய மிக்ஸ்டுமாடல்ஸ் தொகுப்புக்கு மாறுங்கள்.

முதலில் மாநில அடுக்கை விட்டுவிட்டு, தமிழ்நாட்டை மட்டும் ஓட்டுங்கள். மாடல் சரியாக நிற்கிறது என்று தெரிந்தபின் நாடு முழுவதும் போகலாம். வயதை மையப்படுத்தி, அடுத்த படியில் சேர்க்கப்போகும் கடல்மட்ட உயரத்தைக் கிலோமீட்டரில் வையுங்கள். மாடல் ஒருங்கவில்லை என்ற எச்சரிக்கைகளில் பல அதிலேயே மறைந்துவிடும்.

படி 4: மலை இருப்பதை மாடலுக்குச் சொல்லுங்கள்

என் பார்வையில் மிக முக்கியமான படி இதுதான். ஒரு மாவட்டத்துக்குச் சராசரியாக நாற்பதை ஒட்டிய கிளஸ்டர்கள்தான். சேலம் மாவட்டத்தின் பங்கில் ஏற்காடு வட்டத்துக்கு ஒன்றிரண்டு கிடைத்தாலே அதிகம். மொத்தத் தரவு எவ்வளவு பெரிதானாலும், மலை மேல் இருப்பது சிறு தரவுதான்.

சிறு தரவை மிக்ஸ்டு மாடல் மாவட்டச் சராசரி நோக்கி இழுக்கும். கிளஸ்டருக்குள் உள்ள மாறுபாடு, கிளஸ்டர்களுக்கு இடையிலான மாறுபாட்டைப்போல் பத்து மடங்கு என்று வைத்துக்கொள்வோம். 20 பெண்கள் உள்ள கிளஸ்டருக்கு அதன் சொந்த அளவீட்டின் எடை 20/(20+10), அதாவது மூன்றில் இரண்டு பங்கு. மீதி ஒரு பங்கு மாவட்டத்திலிருந்து வருகிறது. சமவெளியிலுள்ள ஓமலூருக்கு அது நன்மை. ஏற்காட்டு மலைக் கிராமங்களான நாகலூருக்கோ செம்மநத்தத்துக்கோ அப்படியல்ல, ஏனென்றால் சேலம் மாவட்டத்தின் சராசரி சமவெளியின் சராசரி. உயரத்தை நிலையான விளைவாகச் சேர்த்தால், மாடல் அவர்களை அந்த உயரத்தில் எதிர்பார்க்கும் அளவை நோக்கி இழுக்கும்.

உயரத்தைச் செயற்கைக்கோள் வரைபடத்திலிருந்து எடுக்காதீர்கள். தனியுரிமைக்காகக் கிராமப்புறக் கிளஸ்டரின் இருப்பிடத்தை 5 கிலோமீட்டர் வரையிலும், நூற்றில் ஒன்றை 10 கிலோமீட்டர் வரையிலும் நகர்த்தித்தான் வெளியிடுகிறார்கள். இந்த மலையில் அவ்வளவு நகர்ந்தால் காப்பித் தோட்டம் அடிவாரத்துக்கு வந்துவிடும். தரவுக் கோப்பிலேயே உள்ள உயரத்தைப் பயன்படுத்துங்கள்.

உயரத்துக்காகத் திருத்திய ஹீமோகுளோபினும் கோப்பில் உண்டு. மாடலுக்குத் திருத்தாத அளவையே கொடுங்கள்; திருத்தத்தைக் கடைசியில் செய்யலாம். 1,500 மீட்டருக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் பழைய அட்டவணை 0.5 கிராம் கழித்தது. 2024இல் வந்த புதிய வழிகாட்டுதல் 1.1 கிராம் கழிக்கிறது. ஏற்காட்டில் 12.8 கிராம் உள்ள, கர்ப்பமில்லாத பெண்ணுக்குப் பழைய கணக்கில் 12.3, ரத்தசோகை இல்லை. புதிய கணக்கில் 11.7, ரத்தசோகை உண்டு. எந்த அட்டவணை என்று குறிப்பிடாத எண்ணை மலைக்குப் பயன்படுத்தவே கூடாது.

படி 5: வெயிட்டில் கவனம்

எல்எம்இ4இல் வெயிட்ஸ் என்று கேட்கும் இடத்தில் ஆய்வின் மாதிரி எடைகளைப் போடாதீர்கள். அது அளவீட்டின் துல்லியத்தைச் சொல்லும் இடம், இரண்டும் வேறு. எடைகளைத் தீர்மானித்த நகரம்-கிராமம் போன்ற காரணிகளை மாடலில் சேர்ப்பதே தொடக்கநிலையாளருக்கு நல்ல வழி.

படி 6: மலைகளை ஒன்றுசேர்த்துப் பாருங்கள்

ஏற்காட்டுக்கென்று ஒற்றை எண்ணைப் பிழை எல்லை இல்லாமல் வெளியிடாதீர்கள். அந்த எல்லை அகலமாக இருந்தால் கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, ஜவ்வாது மலைக் கிளஸ்டர்களையும் சேர்த்து, மலை என்பதையே ஒரு தொகுதியாக வைத்துப் பாருங்கள். மலையாளிப் பழங்குடியினர் இந்த மலைகள் எல்லாவற்றிலும் வாழ்கிறார்கள். மாவட்ட எல்லைகள் அவர்களை ஐந்தாறு அறிக்கைகளில் சிதறடித்து வைத்திருக்கின்றன. புள்ளியியல் படிக்கும் மாணவர்கள் தங்கள் முதல் திட்டப்பணியாக இந்தக் கணக்கை எடுத்துச் செய்ய வேண்டும்.