வரைபடம் போடுமுன் ஒரு மழைக்காலம் பொறுங்கள்

சென்னைக்குத் தெற்கே பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் காலி நிலத்தைக் கோடையில் போய்ப் பார்த்தால் வெடித்த களிமண்ணும் சீமைக்கருவேலமும்தான் தெரியும். அதே இடத்தில் நவம்பரில் முழங்கால் தண்ணீர் நிற்கும், தாழைக்கோழி மேயும். இந்த ஊர்களை ஒட்டிய பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது என்பார்கள். 2022இல் ராம்சர் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டபோது கணக்கில் வந்தது 1,247.54 ஹெக்டேர். எஞ்சியிருப்பதன் ஓரத்தில் பெரிய குடியிருப்பு கட்ட நினைக்கும் நிறுவனத்தார், கட்டடக்கலைஞர்கள், பொறியாளர்களுக்காக இதை எழுதுகிறேன். வேறு ஊர் ஏரிக்கரையில் கட்டுவோருக்கும் இது பொருந்தும்.

1. பட்டாவோடு நிற்காதீர்கள்

பட்டா நிலம் என்பதால் அது சதுப்பு இல்லை என்று ஆகிவிடாது. கிராம வரைபடம், அ-பதிவேடு, புல வரைபடம் மூன்றையும் எடுத்து, உங்கள் சர்வே எண்ணை மட்டுமல்லாமல் சுற்றியுள்ள எண்களையும் பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால், கழுவெளி, மேய்க்கால் என்று எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் நீலப் பென்சிலால் குறியுங்கள். பிறகு கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, மழைக்குப் பிந்தைய மாதங்களில் தண்ணீர் எங்கே நின்றது என்று ஒப்பிடுங்கள். காகிதத்தில் அழிந்துபோன வாய்க்கால் அதில் தெரியும்.

2. ஆண்டு முழுவதும் நிலத்தைப் பாருங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் இதுதான். பெரும்பாலானோர் தாண்டிப் போவதும் இதைத்தான். ஆலோசகர் ஒருவர் ஒரு வாரம் வந்து போட்டுக் கொடுக்கும் உயிரினப் பட்டியலை நம்பாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எங்கே தேங்குகிறது, எத்தனை நாளில் வடிகிறது என்று கம்பு நட்டு அளந்து எழுதுங்கள். முதல் மழை இரவில் டார்ச்சோடு போய்த் தவளைச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஜனவரி காலைகளில் வலசைப் பறவைகளை எண்ணுங்கள். உள்ளூர்ப் பறவை ஆர்வலர்களைக் கூப்பிட்டால் வருவார்கள். மாடு மேய்ப்பவர்களிடமும் வலை வீசுபவர்களிடமும் பேசுங்கள். நரி எந்தப் பக்கமிருந்து வரும், ஆமை எங்கே கரையேறும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கோடையிலும் ஒரு சுற்று தேவை. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆள்காட்டிக் குருவி வெட்டவெளித் தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே சிறு குழி பறித்து, பெரும்பாலும் நான்கு முட்டை இடும். மண்நிறத்தில் கரும்புள்ளிகளோடு இருக்கும் அந்த முட்டைகள் இரண்டடி தூரத்தில் நின்றாலும் கண்ணில் படாது. பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டு வட்டமிட்டால் கூடு பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ‘சும்மா கிடக்கிற பொட்டல்’ என்று பொக்லைன் இறக்கும் இடம் பல நேரம் இதுதான்.

3. சட்டத்தின் கோடுகள்

20,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ கட்டுமானப் பரப்பு உள்ள திட்டத்துக்கு, 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். ராம்சர் தலங்களுக்கும் அறிவிக்கப்பட்ட மற்ற ஈரநிலங்களுக்கும் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள் பொருந்தும். சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானத்துக்கு அவை தடை விதிக்கின்றன. பள்ளிக்கரணையைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் புதிய அனுமதி தரக்கூடாது என்று 2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இன்றைய நிலையை வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். ஆய்வில் உங்கள் நிலமே சதுப்பு என்று தெரிந்தால் அங்கே கட்டவே கூடாது. எந்த வடிவமைப்பும் அதைச் சரிசெய்யாது.

4. முதலில் தண்ணீருக்கு இடம், பிறகு வீட்டுக்கு

வெற்றுத்தாளில் முதலில் வரைய வேண்டியது நீர்வழி. அதற்கு இருபுறமும் புல்லும் கோரையுமாக இடம் விடுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் 10 விழுக்காடு திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். அதை வழக்கம்போல் உபயோகமில்லாத மூலையில் தள்ளாமல் நீர்வழியை ஒட்டி வையுங்கள். அடுத்த மனைக்காரரும் அப்படியே செய்தால் நரிக்கும் ஆமைக்கும் அறுபடாத பாதை கிடைக்கும். அவரிடம் பேசிப் பாருங்கள்.

லாரி லாரியாக மண் அடித்து மேடாக்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். உங்கள் நிலத்தில் நின்ற தண்ணீர் காணாமல் போவதில்லை, பக்கத்துத் தெருவுக்குப் போகிறது. 2015 டிசம்பரில் வேளச்சேரி மூழ்கியதற்குச் சதுப்பு சுருங்கியதும் ஒரு காரணம். சதுப்பில் சேரும் நீர் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போயாக வேண்டும். வழியில் ஒவ்வொருவரும் மேடாக்கினால் எப்படிப் போகும்? தூண்கள் மேல் கட்டி, கீழ்த்தளத்தைத் திறந்து விடுங்கள்.

சுற்றுச்சுவரின் அடியில் ஆங்காங்கே ஒரு சாண் உயரத் திறப்பு வையுங்கள். தண்ணீர்ப் பக்கம் உள்ள விளக்குகள் தரையை மட்டும் நோக்கும்படி மூடியிட்ட மஞ்சள் விளக்குகளாக இருக்கட்டும். அந்தப் பக்கம் பெரிய கண்ணாடிச் சுவர் வேண்டாம், பறவைகள் மோதிச் சாகும். அலங்காரத்துக்குக் கோனோகார்பஸ் நடாமல் நீர்மருது, புங்கன், நாவல், பனை நடலாம்.

5. வேலை நடக்கும்போது

சீமைக்கருவேலத்தை வெட்டுமுன் கூடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் குஞ்சு பறக்கும்வரை அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். தரைக்கூடுகளைச் சுற்றிக் கயிறு கட்டி, பொக்லைன் ஓட்டுநருக்கே நேரில் காட்டுங்கள். கட்டட இடிபாட்டை ஓடையில் கொட்டுபவருக்கு பில் பணம் தரமாட்டேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தொழிலாளர் குடியிருப்பின் குப்பையை அன்றாடம் எடுங்கள். குப்பை இருந்தால் நாய்கள் சேரும், நாய்கள் சேர்ந்தால் தரையில் கூடுகட்டும் எந்தப் பறவையும் மிஞ்சாது.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஓடத் தொடங்கிய பிறகே சாவி கொடுங்கள்.

6. ஒப்படைக்கும்போது

குடியிருப்போர் சங்கம் வந்ததும் ‘அழகுபடுத்தலாம்’ என்ற பேச்சு கிளம்பும். கரைக்குக் கான்கிரீட், நடைபாதைக்குக் கல், நடுவில் நீரூற்று என்று தொடங்கினால் கோரை போய்விடும், கூடவே இலைக்கோழியும் போய்விடும். நீர்வழியையும் அதன் கரையையும் மாற்றக்கூடாது என்பதை விற்பனைப் பத்திரத்திலும் சங்க விதியிலும் சேர்த்துவிடுங்கள்.

வீடு வாங்க வருவோருக்கும் ஒரு வேண்டுகோள். முன்பதிவுக் காசோலையில் கையெழுத்திடுமுன், மழைக்காலத்தில் அந்த நிலத்தில் எடுத்த படங்களையும் சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தின் நகலையும் கேளுங்கள். இரண்டையும் காட்ட மறுப்பவரிடம் வீடு வாங்காதீர்கள்.