வெயிலில் நிற்கும் வண்ணங்கள்

(மூன்றாம் ஆண்டு, வேதியியல்)

“ஓராண்டுகூட நிற்கவில்லை, நீ அடித்தது போலிப் பெயிண்ட்” என்று வீட்டுக்காரர் ஒருவர் பாக்கிக் கூலியைத் தர மறுத்தபோது, என் தந்தை ஒன்றும் பேசாமல் திரும்பிவிட்டார். அவர் திருவண்ணாமலையில் பெயிண்டர். ஒரு பூச்சு ஏன் கெடுகிறது? அதைச் சோதிப்பது எப்படி? அன்று எழுந்த இக்கேள்விகளே இக்கட்டுரைக்கு வித்து.

பூச்சு கெடுவது ஏன்?

நிறம் தரும் பொடியும் அதைப் பிணைக்கும் ரெசினும் சேர்ந்த மெல்லிய படலமே வண்ணப்பூச்சு. சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்கள் ரெசினைச் சிதைக்கின்றன. பிணைப்புத் தளர்ந்ததும் பொடி உதிர்கிறது. பழைய கேட்டில் கை வைத்தால் வண்ணம் ஒட்டிக்கொள்கிறதல்லவா, அது இதனால்தான். பகலில் விரிந்து இரவில் சுருங்கும் இரும்பின்மேல், இறுகிப்போன படலம் வெடிக்கிறது. வெடிப்பின் வழியே நீரும் ஆக்சிஜனும் புக, துரு பிறக்கிறது.

சோதனை முறைகள்

சோதனைகள் இருவகைப்படும். முதலாவது வெட்டவெளிச் சோதனை. பூச்சிட்ட தகடுகளைத் தெற்கு நோக்கிச் சாய்த்து, வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் விட்டுவைப்பர். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபம் கடற்கரையில் இத்தகைய ஆய்வுகளை நடத்தியுள்ளனர். அருகிலேயே உள்ள பழைய பாம்பன் பாலம், 1914 முதல் உப்புக்காற்றோடு போராடி 2022இல் ஓய்ந்தது. 2025இல் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் பூச்சு இடப்பட்டுள்ளது.

இரண்டாவது விரைவுச் சோதனை. 5 விழுக்காடு உப்புக் கரைசலை 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பனிபோல் தெளிப்பர். இதில் முடிவு விரைவில் தெரியும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் சூரியன் இல்லை! எபாக்சிப் பூச்சு உப்பை நன்கு தாங்கும்; வெயிலிலோ பொடியாகும். அதனால்தான் அதன்மேல் பாலியூரித்தேன் பூசுகிறார்கள். ஆகவே, இறுதித் தீர்ப்பு வெட்டவெளியில்தான்.

எங்கள் மாடியில்

நானும் மூன்று இரும்புத் தகடுகளை எடுத்துக்கொண்டேன். முதலாவதில் துருவின் மேலேயே எனாமல். இரண்டாவதில் துருவைத் தேய்த்து நீக்கியபின் எனாமல். மூன்றாவதில் துரு நீக்கி, ரெட் ஆக்சைடு அடித்து, அதன்மேல் எனாமல். மூன்றும் ஒரே டப்பாப் பெயிண்ட். ஒவ்வொன்றிலும் ஆணியால் பெருக்கல் குறி கீறி, சித்திரையில் மாடியில் வைத்தேன்.

ஆடிக்குள் மூன்றுமே பளபளப்பை இழந்தன. ஐப்பசி மழைக்குப்பின் முதல் தகடு கொப்புளித்து உரிந்தது. இரண்டாவதில் கீறலின் இருபுறமும் துரு பரவியது. மூன்றாவதில் துரு கீறலைவிட்டு அதிகம் நகரவில்லை.

மூன்று தகடுகளைக் கொண்டு முடிந்த முடிபு கூற இயலாது என்பதை அறிவேன். எனினும் குறை பெயிண்டில் இல்லை என்பது எனக்கு விளங்கியது. தகடுகளை அப்பாவிடம் காட்டினேன். அவர் வியக்கவில்லை.

“இது எனக்குத் தெரியும்ப்பா. ஆனா தேய்க்கிற கூலியை யாரு குடுக்கறாங்க? ‘மேலாப்புல அடிச்சிட்டுப் போ’ன்னுதானே சொல்றாங்க!” என்றார்.

நண்பர்களே, உங்கள் வீட்டுக்குப் பெயிண்டர் வந்தால், துரு நீக்க ஒரு நாள் கூலியைச் சேர்த்துக் கொடுங்கள். பூச்சின் ஆயுள் அந்த ஒரு நாளில்தான் இருக்கிறது.